பக்கத்து வீட்டில் மட்டும் பணம் எப்படிப் புரளுது?

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் டைலர், நான் செக்கிங். வேலை ஒழுங்காக இருக்கிற மாதத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து 32,000 வரை வரும். எதிர்வீட்டிலும் இதே வேலை, ஏறக்குறைய இதே சம்பளம். ஆனால் அங்கே ஏசி இருக்கிறது, புது ஸ்கூட்டர் நிற்கிறது, போன மாதம் பெண்ணுக்குச் சீரை மண்டபம் பிடித்துச் செய்தார்கள். நாம் மட்டும் ஏன் இப்படியே இருக்கிறோம் என்று கேட்டு எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது.
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் சண்டையை விடுங்கள், இதில் உங்கள் கணவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எதிர்வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது. ஊரில் நிலம் இருக்கலாம், சொந்த வீடாக இருந்து வாடகை மிச்சமாகலாம், பெண்ணின் தாய்மாமன் மண்டபச் செலவை ஏற்றிருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் அங்கே இருப்பது தவணைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 36,000 ரூபாய் ஏசியை 12 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் 3,000. ஸ்கூட்டருக்கு 3,600. போனுக்கு 1,500. சீருக்காக ஏலச்சீட்டை முன்னாடியே தள்ளி எடுத்திருந்தால் அதற்கு மாதம் ஒரு 5,000. மொத்தம் 13,100 ரூபாய், அரிசி பருப்பு வாங்குவதற்கு முன்பே போய்விடுகிறது. மிச்சம் 18,900-ல் வாடகை, கரண்ட், பள்ளிக்கூடம், மருந்து எல்லாம். நீங்கள் பார்க்கிற ஸ்கூட்டர் அவர்கள் இனிமேல் சம்பாதிக்கப்போகிற பணத்தில் வந்தது.

கடன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மொத்தமாகப் பணம் கையில் சேராத குடும்பம் வேறு எப்படி வண்டி வாங்கும்? ஆனால் உங்கள் தொழிலில் சம்பளம் சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறது, பீஸ் ரேட்டில் ஏறி இறங்குகிறது. தவணையோ மாதம் பிறந்ததும் ஒரே தேதியில், ஒரே தொகையாகப் பேங்கிலிருந்து போகிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் குறைந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாதிரி நேரத்தில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் பேங்க் ஒரு அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் இன்னொன்று பிடிப்பார்.

நாளைக்கு நீங்களும் வண்டிக் கடன் எடுக்கலாம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் ‘பத்து பர்சன்ட் வட்டிதான் அக்கா’ என்பார்கள். ஒரு லட்சத்துக்கு வருடம் 10,000, மூன்று வருடத்துக்கு 30,000, மொத்தம் 1,30,000, அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 3,611. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்குப் போடப்படுகிறது. குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 18 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கடன் கொடுக்கும் பேங்கும் நிதி நிறுவனமும், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிய விவரத்தாளை, நமக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். ‘ஜீரோ வட்டி’ என்றாலும் விடாதீர்கள், வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே பேங்குகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள், பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள், வட்டி அந்த இரண்டில் எங்காவது இருக்கும்.

கேள்வி: கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன். இதில் பிரச்சினை ஒன்றுமில்லையே?
– வாசகர், சென்னை அம்பத்தூர்

பதில்: இருக்கிறது. தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் பக்கம் வட்டி ஓடுகிறது, வருடத்துக்கு 40-ஐத் தாண்டும். பாக்கி நிற்கிறவரை புதிதாகத் தேய்க்கிற தொகைக்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி. கார்டை வீட்டில் வைத்துவிட்டு, பாக்கியைக் குறைந்த வட்டித் தனிக்கடனாக மாற்றித் தர முடியுமா என்று பேங்கில் கேளுங்கள்.

கேள்வி: நான்கு குழுவில் லோன் வாங்கியிருக்கிறேன். ஒன்றைக் கட்ட முடியாமல் இன்னொன்று, அப்படித்தான் நான்கானது. இப்போது காய்கறிக் கடைக்குத் தண்டலும் வாங்கிவிட்டேன், 8,500 கையில் கொடுத்தார்கள், தினம் 100 ரூபாய், 100 நாள். ஒரு வாரம் தவறினால் கூடக் குழுப் பெண்களே வாசலில் வந்து உட்காருகிறார்கள். வீட்டில் ஒன்றரைப் பவுன் இருக்கிறது, அதையும் வைத்துவிட மனசு வரவில்லை.
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, ஐந்தாவது குழு வேண்டாம். யார் கூப்பிட்டாலும், எவ்வளவு நல்லவிதமாகச் சொன்னாலும் வேண்டாம்.

அடுத்து தண்டல். தினம் நூறு ரூபாய்தானே என்று தோன்றும். 8,500 வாங்கி 10,000 கட்டுகிறீர்கள், அதுவும் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டே. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம் பக்கம் வருகிறது. குழு லோன் வட்டி அதிகம்தான், ஆனால் இதற்குப் பக்கத்தில் கூட வராது. அந்த ஒன்றரைப் பவுனை வைக்க வேண்டிய நேரம் இதுதான். கூட்டுறவு வங்கியிலோ அரசு பேங்கிலோ அடகு வையுங்கள், தெருமுனைக் கடையில் வேண்டாம். தண்டலை அன்றைக்கே முடியுங்கள். மிச்சமிருந்தால் நான்கில் சின்ன பாக்கி எதுவோ அதை அடையுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது மூச்சு விடலாம். பிறகு தண்டலுக்குக் கொடுத்த அந்த நூறு ரூபாயைத் தினமும் தனியாக எடுத்து வைத்து நகையை மீட்டுவிடுங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் நகை வீட்டுக்கு வராது.

இனி உங்களுக்கு உள்ள உரிமை. வருட வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கிற நுண்கடனுக்கு, அதாவது உங்கள் குழு லோன் மாதிரிக் கடனுக்கு, 2022 ஏப்ரல் முதல் தனி விதிகள் இருக்கின்றன. ஒரு குடும்பம் கட்டுகிற எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அதைப் பார்க்க வேண்டியது கடன் கொடுப்பவரின் பொறுப்பு. நான்காவது லோனைக் கொடுத்தவர் இதைச் சரியாகப் பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, உறவுக்காரர்களைத் தொல்லை செய்யக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. இப்படி வாசலில் வந்து நிற்கிற கொடுமைகளுக்காகவே 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

வாசலில் உட்காருகிற பெண்கள் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் கட்டாததை லோன் கொடுத்த நிறுவனத்துக்காரர்கள் அவர்கள் தலையில் கட்டுகிறார்கள், அவர்கள் வீட்டிலும் இதே நிலைமைதான். அடுத்த சென்டர் மீட்டிங்கில் எல்லோரும் சேர்ந்து, தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தனியாகக் கேட்டால் காதில் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: அப்பா ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து, வந்த பணத்தில் போர் போட்டார். இப்போது அப்பா இல்லை, மொய் நோட்டு என் கையில் இருக்கிறது. சென்னையில் 22,000 சம்பளம் எனக்கு. ஆடி பிறந்தாலே பத்திரிகை வந்து குவிகிறது. இது கடன்தானா, கட்டித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், பேராவூரணி

பதில்: கடன்தான் தம்பி, கட்டுங்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வருகிறவர்கள் எழுதுகிற மொய்யை நோட்டில் பதிவார்கள். செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. ஒரு குடும்பம் சில வருடங்களுக்கு ஒரு முறைதான் வைக்க முடியும். எழுதியவர் வீட்டு விருந்து வரும்போது அந்தத் தொகையைத் திருப்ப வேண்டும், கூடவே கொஞ்சம் புது மொய்யும் வைப்பார்கள். பேங்க் கதவைத் திறக்காத காலத்தில் வட்டியில்லாமல் லட்சக்கணக்கில் பணம் திரட்டிக் கிணறு வெட்டிய, கடை வைத்த, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஏற்பாடு இது. எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வட்டியில்லை என்பதற்காகப் பாரமில்லை என்று ஆகாது, 2018-ல் கஜா புயல் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு எத்தனை குடும்பங்கள் பழைய மொய்யைத் திருப்ப முடியாமல் தவித்தன என்பது உங்கள் ஊரில் தெரிந்த கதை.

நோட்டை ஒரு நாள் உட்கார்ந்து இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், நாம் கொடுக்க வேண்டியது, நமக்கு வர வேண்டியது. உங்கள் அப்பாவும் பலருக்கு எழுதியிருப்பார், வரவு இருக்கும். பழைய பாக்கியை மட்டும் அப்படியே திருப்புங்கள், புது மொய் வைக்காதீர்கள். ‘இத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறேன்’ என்று நேரில் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சொல்லாமலே விருந்துக்குப் போகாமல் இருந்தால்தான் பேச்சு வரும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைகீழ். ஒரு ரூபாய் கடன் கிடையாது. கணவர் சம்பளம் 24,000, அதில் நகைச் சீட்டு 5,000, இன்னும் ஏதோ சேமிப்பு 4,000. பால் அரை லிட்டர்தான் வாங்க வேண்டும். பையன் போர்டு தெரியவில்லை என்று எத்தனை மாதமாகச் சொல்கிறான், கண்ணாடிக்கு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார். எனக்கு அரசிடமிருந்து வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 கூடச் சீட்டுக்குப் போகிறது. இதைச் சிக்கனம் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: நான் பாராட்ட மாட்டேன். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது, கடனில் சீரழிந்த குடும்பத்தைப் பக்கத்தில் பார்த்தவராக இருப்பார். ஆனால் அவர் மிச்சம் பிடிப்பது உங்கள் சாப்பாட்டிலும் பையன் கண்ணிலும். கைப்பணமாக எதுவும் வைக்காமல் மாதம் 5,000 நகைச் சீட்டில் போடுவதும் சரியில்லை. அது பேங்க் டெபாசிட் மாதிரி காப்பீடு உள்ள பணம் இல்லை, கடைக்குக் கொடுத்த முன்பணம். ஒரு வருடத்துக்குள் பொருளாகக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால்தான் 11 மாதச் சீட்டாகப் போடுகிறார்கள். கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அந்தச் சீட்டு உடனே பணமாகாது, கடன் வாங்காதவர் அன்றைக்கு வட்டிக்காரரிடம் போய் நிற்பார்.

சீட்டை 2,000 ஆக்கச் சொல்லுங்கள். 2,000 தபால் நிலையத் தொடர் வைப்பில் போடலாம், ஐந்து வருடக் கணக்கு, ஒரு வருடம் கட்டியபின் அவசரத்துக்குக் கட்டியதில் பாதி வரை அதிலேயே கடன் எடுக்கலாம். மீதி 1,000 வீட்டுச் செலவுக்கு. உரிமைத் தொகை உங்கள் பேரில், உங்கள் கணக்கில் வருகிறது, அது இனிமேல் சீட்டுக்குப் போக வேண்டாம், ஏடிஎம் கார்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பையன் அரசுப் பள்ளி என்றால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள், பள்ளிக் கண் பரிசோதனையில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். தனியார் பள்ளி என்றால் அரசு ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டி பவர் எழுதி வாங்குங்கள், கண்ணாடிக்கு மட்டும்தான் செலவு. அவர் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே நீங்களே கூட்டிப் போங்கள்.