ஏற்காட்டு காபித் தோட்டங்களில் ஒரே பல்பர் (காபிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) மேஸ்திரியைப் பல வருஷம் வைத்திருப்பது ஏன்?

அறுவடை வருஷத்துக்கு ஒருமுறைதான். 30 வருஷம் இருந்தவருக்கும் 30 அறுவடைதான் அனுபவம். வைன் தயாரிப்பவருக்கும் இதே கணக்கு.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த மலை இது. பல்பரில் தோல் நீக்கியதும் கொட்டையில் வழவழப்பு ஒட்டியிருக்கும்; தொட்டியில் புளிக்கவிட்டால்தான் கழலும். மார்கழிக் குளிரில் ஒரு நாளைத் தாண்டியும் இழுக்கும், வெயிலடித்தால் சீக்கிரமே முடியும். கடிகாரத்தை நம்ப முடியாது. மேஸ்திரி ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேய்க்கும்போது நறநறவென்றிருந்தால் பதம். தவறவிட்டால் புளித்த வாடை ஏறி, மொத்தத் தொட்டியும் விலை இழக்கும். அந்தத் தோட்டத்துத் தண்ணீரும் குளிரும் பழகிய ஆளை, சம்பளம் கூட்டியாவது வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.