நீண்டகால நோயாளிக்கு ஆன்மிகச் சிகிச்சையால் மனம் தேறுமா?

இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில், பினாங்கில் என் அம்மாவுக்கு ஏழு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வருடம் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, எப்போதும் அசதி. கிட்னி போனால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மனச்சோர்வுக்கும் இதே அறிகுறிகள்தான் என்று ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) சொன்ன பிறகுதான் உறைத்தது. டாக்டரிடம் சொல்லி கவுன்சிலிங் போனோம். அது இல்லாமல் கோயிலை மட்டும் நம்பியிருந்தால் தேறியிருக்க மாட்டார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும், "எல்லாம் கர்மா, ஏத்துக்கணும்மா" என்றார்கள். அவர்கள் போனதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்புறம் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் அத்தை ஒருவர் வந்தார். அப்பர் சூலை நோயில் துடித்தபோது பாடிய பதிகத்தைப் படித்துப் பொருள் சொன்னார். அதில் அப்பர் எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. குடலை முறுக்குகிறது, தாங்க முடியவில்லை, இன்னும் விலக்காமல் இருக்கிறீரே என்று சிவனிடம் கிட்டத்தட்ட சண்டைக்கே போகிறார். "அட, அவரே இப்படியா!" என்று அம்மா சிரித்துவிட்டார். ஊசி குத்தும் வலி, எங்களுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற பயம், எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆன்மிகச் சிகிச்சை அவ்வளவுதான். இப்போதும் டயாலிசிஸ் நாற்காலியில் அந்தப் பதிகத்தைத்தான் முணுமுணுக்கிறார்.

தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியை அம்மாவால் ஏற முடியாது. அடிவாரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தே கும்பிடுவார். அங்கேதான் கவனம் வேண்டும். பஞ்சாமிர்தம், இளநீர் என்று அன்பாக நீட்டுவார்கள், பிரசாதம் ஒன்றும் செய்யாது என்பார்கள். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னி அதை வெளியேற்றாது, ரத்தத்தில் அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம். அம்மா விபூதியோடு நிறுத்திக்கொள்வார்.

போன வருடம் ஒருவர் வீடு தேடி வந்து, 48 நாள் விரதமிருந்து தான் கொடுக்கும் கஷாயத்தைக் குடித்தால் டயாலிசிஸே வேண்டாம் என்றார். வாசலோடு அனுப்பிவிட்டேன். அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாவம், ஒரு கோப்பி குடுத்து அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் குடிக்கிறதுக்கு அளவு, அவருக்கென்ன!"