வேலையை விட்டுவிட்டு கைடாகப் போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் டெல்லி முனிர்காவில். நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் தடுமாறாமல் பேசுவேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சுற்றிக்காட்டுவது நான்தான், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இந்த ஜனவரி 25, தேசியச் சுற்றுலா நாளன்று ஒரு கூட்டத்துக்குப் போனேன். சுற்றுலாவில் வேலை கொட்டிக்கிடக்கிறது என்றார்கள். வேலையை விட்டுவிட்டு கைடாகிவிட நினைக்கிறேன். "படிச்சுட்டு ஊர் சுத்திக் காட்டப் போறியா" என்று சொன்ன அப்பா, அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதே இல்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், புதுடெல்லி

பதில்: தம்பி, முதலில் அந்தக் கூட்டத்தை ஓரமாக வையுங்கள். அந்த நாள் டெல்லி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் குடியரசு தினம் என்பதால் பாதி சாலையில் தடுப்பு, மெட்ரோ வாசலில் நீள வரிசை, செங்கோட்டையைப் பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்கு மூடிவைப்பதும் அந்த நாட்களில் வழக்கம்தான். சுற்றுலாவைக் கொண்டாடும் நாளில் தலைநகரைச் சுற்றிப் பார்க்க முடியாது, இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. (தேர்தல் ஆணையம் 1950இல் தொடங்கிய நாளும் அதுவே என்பதால் வாக்காளர் தினமும் அன்றைக்கே வருகிறது. பேப்பரில் இடம் அதற்குத்தான்.) மேடையில் சொன்னது பொய் இல்லை. ஆனால் "வேலை இருக்கிறது" என்பதற்கும் மாதாமாதம் வாடகை கட்ட முடிகிறது என்பதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது.

இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. டெல்லியில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் பேசும் கைடுகளுக்குப் பஞ்சமில்லை, அவர்களோடு போய் முட்டினால் நீங்கள் கடைசி ஆள். தமிழ்க் குழுவுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். காசி, கயா, ஹரித்வார் யாத்திரையில் சமையல்காரரையும் பாத்திரத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும் நம்மூர் பஸ் டெல்லியில் ஒரு நாள் நிற்கும். பிர்லா மந்திர், இந்தியா கேட், குதுப் மினார், முடிந்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர், மாலையில் கரோல் பாக் என்று ஓடுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் வருவார்கள். நம்மவர்களோ பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் மே மாத வெயிலிலும் சிம்லா, மணாலிக்குப் போகிற வழியில் வந்து இறங்குவார்கள். மற்ற கைடுகள் சும்மா இருக்கும் மாதத்தில் உங்களுக்கு வேலை இருக்கும். மழைக்காலம் மட்டும் காய்ந்து கிடக்கும், அதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்.

சரி, விஷயம் தெரிய வேண்டுமே. குதுப் மினாரில் இறங்கியதும் முதல் கேள்வி "மேலே ஏறலாமா" என்பதுதான். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து, படிக்கட்டு நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்துபோனார்கள், அன்றிலிருந்து அனுமதி இல்லை என்று நீங்கள் சொன்னால் குழு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும், அப்புறம் நீங்கள் சொல்வதை எல்லாம் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் இரும்புத் தூண் இத்தனை நூற்றாண்டாக ஏன் துருப்பிடித்துப் போகவில்லை என்றால், அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். வாட்ஸப்பில் வருவதை அப்படியே ஒப்பிக்கும் கைடு வேண்டவே வேண்டாம். செங்கோட்டையும் அக்‌ஷர்தாமும் திங்கட்கிழமை கிடையாது, தாஜ்மகால் வெள்ளிக்கிழமை கிடையாது என்பதை வைத்து முன்கூட்டியே திட்டம் போட்டுக் கொடுத்தால் டூர் மேனேஜர் அடுத்த தடவையும் உங்களையே கூப்பிடுவார். சுத்தமான கழிப்பறை எங்கே, தயிர் சாதம் எங்கே கிடைக்கும் என்பது அரசர்களின் பெயரைவிட முக்கியம், சிரிக்காதீர்கள்.

உரிமம் இல்லாமல் இறங்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்துக்குள் உரிமம் இல்லாமல் காசு வாங்கிச் சுற்றிக்காட்டக் கூடாது என்று 1959ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிப்போவதை யாரும் கேட்க மாட்டார்கள், ஐந்நூறு ரூபாய் கைமாறினால் கேட்பார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையத்திலேயே படித்துத் தேர்வெழுதும் பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். இப்போதைய விதிமுறையை அமைச்சகத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர் சொன்னார் என்று போகாதீர்கள்.

கமிஷன் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம், அவர் கோபத்தில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சால்வைக் கடைக்கும் மார்பிள் கடைக்கும் பார்ட்டியைக் கூட்டிப்போனால் கடைக்காரர் உங்களுக்குத் தனியாகக் கொடுப்பார். பல கைடுகளுக்குக் கூலியைவிட அதுதான் பெரிய வருமானம். ஆனால் அந்தப் பணம் மதுரையிலிருந்து வந்த அந்த அம்மா கூடுதலாகக் கொடுத்த விலையிலிருந்துதான் வருகிறது. தமிழ் ஆட்களையே நம்பிப் பிழைக்கப் போகிறவர் இதைச் செய்தால் இரண்டே சீசனில் பெயர் கெட்டுவிடும், ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கூலியைச் சொல்லி வாங்குங்கள், கடைக்குப் போவது அவர்கள் இஷ்டம்.

ராஜினாமாவை இப்போது கொடுக்காதீர்கள். 2020 மார்ச் 17 அன்று தொல்லியல் துறை எல்லாச் சின்னங்களையும் மூடியது, தாஜ்மகால் திறக்க செப்டம்பர் 21 ஆனது. அத்தனை மாதமும் கைடுகளுக்கு வருமானம் பூஜ்யம். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும், சனி ஞாயிறுகளில் ஒரு குளிர்காலத்தையும் ஒரு மே மாதத்தையும் உரிமத்தோடு ஓட்டிப் பாருங்கள். மூடுபனியில் ரயில் எட்டு மணி நேரம் தாமதமாகி நிஜாமுதீன் நடைமேடையில் காத்திருந்து அன்றைய கூலியும் போன பிறகும் பிடித்திருந்தால் அப்போது முடிவு செய்யலாம். அப்பாவிடம் கனவைப் பற்றிப் பேசாமல், எழுதி வைத்த வரவு செலவு நோட்டைக் காட்டுங்கள். கணக்குப் பிரிவில்தானே இருக்கிறீர்கள்.