கால்வேயில் துணி காயுமா?

கேள்வி: அயர்லாந்தின் கால்வேயில் செவிலியராக இருக்கிறேன். காலை வெயிலை நம்பித் துணி காயப்போட்டால் மத்தியானம் நனைந்துவிடுகிறது. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டுவது, தகைவிலான் குருவி தாழப் பறப்பது, தொங்கவிட்ட கடற்பாசி நமுத்துப்போவது எல்லாம் மழைக்கு அடையாளம் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். எதை நம்பலாம்?

பதில்: நிலா வட்டத்தை நம்புங்கள். ‘அகல்வட்டம் பகல்மழை’ என்று நம் ஊரிலும் சொல்வார்களே! அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வு மண்டலம் வருமுன், பனிப்படிகங்களாலான மெல்லிய மேகம் வெகு உயரத்தில் பரவும். அதில் நிலவொளி 22 பாகை விலகி வட்டம் கட்டுகிறது. கையை நீட்டி விரல்களை அகல விரியுங்கள். கட்டைவிரல் நுனி நிலாவில் இருந்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். நிலாவை ஒட்டினாற்போல மங்கலாகத் தெரியும் சின்ன வட்டம் நீர்த்துளி மேகத்தால் வருவது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வட்டம் கட்டியும் மழை ஏமாற்றுவது உண்டு, தாழ்வு மண்டலம் விலகிப் போய்விட்டால். அதனால் மறுநாள் காலையிலும் வானத்தைப் பாருங்கள். மேகம் தடித்து, சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் சூரியன் மங்கி, காற்றும் தெற்கு அல்லது தென்கிழக்குக்குத் திரும்பியிருந்தால் கொடியில் துணி போடவே வேண்டாம்.

தகைவிலான் தாழப் பறப்பது பூச்சிகள் தாழ இருப்பதால். வெயிலில் சூடான காற்று மேலே எழும்போது பூச்சியும் கூடவே ஏறும். மூட்டமும் குளிருமாக இருந்தால் தரையோடு தங்கிவிடும். ஆக, குருவி சொல்வது இன்றைய நிலவரத்தை. குளிர்காலத்தில் அதுவும் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும்.

கடற்பாசியைத் தொங்கவிடுவதானால் நல்ல தண்ணீரில் அலசாதீர்கள். அதிலுள்ள உப்புதான் ஈரத்தை இழுக்கிறது. மழை படாத வாசல் கூரையடியில் மாட்டுங்கள். சமையலறை வேண்டாம், ஆவி பட்டே நமுத்துவிடும். ஆனால் கால்வே போன்ற மேற்குக் கரையில் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் பாசி பெரும்பாலும் நமுத்தேதான் கிடக்கும். அதை வைத்து நாளைய மழையைச் சொல்வது கஷ்டம்.

கேள்வி: ஜூலை 15, புனித ஸ்விதின் நாளில் மழை பெய்தால் 40 நாள் விடாது என்கிறார்களே?

பதில்: வானிலைப் பதிவுகள் அதை ஆதரிக்கவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளைப் படிக்க ஆசையிருந்தால் 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தொகுப்பு இருக்கிறது. அயர்லாந்தின் நாட்டார் வழக்குத் தொகுப்புகளுக்கான டூகஸ் (duchas.ie) இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். வானிலை அடையாளம் அதில் தனித் தலைப்பு. புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தால் மழை என்பதும் இந்த வகை வழக்குதான். ஈரக்காற்று பட்டு ஊறிய கரி கனத்து விழுகிறது.