ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில், சகோதரனுக்காக ஏழு வருஷம் துக்கம் காப்பேன் என்ற ஒலிவியா உடனே காதலில் விழுகிறாளே, அந்தத் துக்கம் வெறும் நடிப்புதானா?

நடிப்பு இல்லை. நீங்கள் அநேகமாகப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள். நான் படித்த கல்லூரியிலும் 'ஒலிவியாவின் போலித் துக்கம்' என்று பத்து மார்க் பதில் ஒன்று கொடுத்தார்கள், நானும் மனப்பாடம் செய்து எழுதினேன்.

அப்புறம் என் அண்ணன் விபத்தில் போய்விட்டான். நாலாவது மாதம், வேலை செய்த இடத்தில் ஒருவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது. அவருக்கு அப்படி எதுவும் இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. காலையில் அவரை நினைத்துக்கொண்டே தலைவாரிவிட்டு, திரும்பினால் மாலை போட்ட அண்ணன் படம், உடனே அழுகை. இரண்டுமே நிஜம். அந்தச் சமயம் ஒரு கல்யாணத்துக்குப் பூ வைத்துக்கொண்டு போனதற்கு, "தலைத்திவசம்கூட முடியலையே" என்று ஒரு உறவுக்காரர் பந்தியில் எல்லார் காதிலும் விழக் கேட்டார். அண்ணன் இருந்தவரை ஒரு போன் போட்டு விசாரிக்காதவர்.

ஒலிவியாவுக்காவது முகத்திரை போட்டு அழ ஒரு வீடு இருந்தது. நாடகத்தின் நாயகி வயோலாவுக்கு அதுவும் இல்லை. கூடப் பிறந்த இரட்டை செபாஸ்டியன் கடலில் போய்விட்டான் என்று நினைக்கிறாள், ஆண் வேஷத்தில் ஆர்சினோ என்ற பிரபுவிடம் வேலை பார்க்கிறாள், அவன்மேலேயே காதல், அவனோ இவளையே ஒலிவியாவிடம் காதல் தூது அனுப்புகிறான். ஒலிவியா காதலில் விழுவது ஆண் என்று நினைத்து இவள்மேல்தான். இரண்டாம் அங்கத்தில் தன் காதலை யாரோ ஒரு சகோதரியின் கதைபோலச் சொல்கிறாள். அவள் அந்தக் காதலால் செத்தாளா என்று அவன் கேட்டதும், என் அப்பா வீட்டு மகள்கள் எல்லாம் நான்தான், சகோதரர்களும் நான்தான் என்கிறாள். காதலைப் பற்றிப் பேசப் போய் சகோதரன் வெளியே வந்துவிடுகிறான். எந்த நோட்ஸிலும் இந்த வரியை நான் பார்க்கவில்லை.

ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்நெட் 1596இல் 11 வயதில் இறந்தான். அவனும் இரட்டையரில் ஒருவன், ஜூடித் மிஞ்சினாள். இந்த நாடகம் 1602இல் லண்டனில் நடந்ததற்குக் குறிப்பு இருக்கிறது. மகன் போனதால்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

கடைசிக் காட்சியில் செபாஸ்டியன் உயிரோடு வந்து நிற்கிறான், எல்லாருக்கும் சந்தோஷம். ஒலிவியாவும் அங்கேதான் நிற்கிறாள், செபாஸ்டியனை வயோலா என்று நினைத்து மணந்த புதுக் கல்யாணப் பெண்ணாக. அவளுடைய சகோதரனைப் பற்றி அங்கே ஒருவர்கூடப் பேசுவதில்லை.