முதன்முறையாகத் தனியாக அறை எடுத்து மட்டக்களப்பில் வேலைக்கு வருகிறேன். சமையல் சாமானைச் சிக்கனமாக எப்படி வாங்குவது?

யாரைக் கேட்டாலும் "சம்பளம் எடுத்த அன்றே மாதச் சாமானை மொத்தமாக வாங்கிப் போடு" என்பார்கள். ஆறு பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது சரி. நீங்கள் ஒரு ஆள், பிரிட்ஜும் இருக்காது என்று நினைக்கிறேன். மலிவு என்று கிலோக் கணக்கில் வாங்கிய மாவில் வண்டு விழுந்தால் அந்த மலிவு யாருக்கு?

எனக்கு ஊர் படுவான்கரைப் பக்கம், வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த இடம். கல்லடியில் அறை எடுத்தது 2022 இல். அந்த வருசம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று அறிவித்தார்கள். முந்தைய வருசம் நூறு ரூபாய்க்கு வாங்கியதை இருநூறுக்குக் கிட்டக் கொடுத்து வாங்க வேண்டும். எனக்கு முதல் வேலை, முதல் சம்பளம்.

"வயல்காரர் மகளுக்கு என்ன, அரிசி வீட்டிலிருந்து வந்திருக்கும்" என்று சொல்ல யாராவது வருவார்கள். வரவில்லை. 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது. அடுத்த பெரும்போக நெல் எங்கள் வயலில் எப்படிப் போனது என்று அப்பாவைக் கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவார். விளைந்ததில் கடனுக்குப் போனது போக வீட்டுக்கு மிஞ்சியதே கொஞ்சம். அதில் எனக்கு ஒரு மூட்டை தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நாட்டரிசி கேட்டபோது, ஊரை விசாரித்துவிட்டு, "என்ன தங்கச்சி, படுவான்கரையால வந்து கடையில அரிசி வாங்குறீங்க?" என்றார் கடைக்கார நானா. பகிடிக்குத்தான் கேட்டார். ஆனாலும் உறைத்தது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அரிசியை மட்டும் ஐந்து கிலோவாக வாங்குங்கள். மற்றதெல்லாம் சின்னதாக: பருப்பு 250 கிராம், நெத்தலிக் கருவாடு 100 கிராம், மிளகாய்த்தூள் 100 கிராம். நிறுத்துத் தர முகம் சுளிக்கிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். டின் மீனில் 425 கிராம் டின்தான் கணக்குப்படி மலிவு. ஆனால் திறந்தால் ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்க முடியாது. 155 கிராம் டின்னை எடுங்கள். இதைச் சொன்னால் என் அலுவலகத்தில் ஒருவர் கால்குலேட்டரோடு வருவார். அவர் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது.

தேங்காய்தான் தனி ஆளுக்குப் பெரிய தலையிடி. உடைத்தால் கண் இருக்கிற பாதியை முதலில் திருவுங்கள், அதுதான் முதலில் பழுதாகும். மற்றப் பாதியின் உள்ளே உப்புத் தடவி வைத்தால் அடுத்த நாள் சம்பலுக்கு உதவும்.

மீனுக்கு அறக்குளா, பாறை என்று பெரிய மீன் பக்கம் போகவே வேண்டாம். சூடை, சாளை, வாவியில் பிடித்த திலாப்பியா இவற்றைக் கூறு வைத்து விற்பார்கள். சந்தை கலைகிற நேரம் போனால் "எடுங்க மகள், ரெண்டு கூறையும் சேர்த்துத் தாறன்" என்று விலை இறங்கும். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள், அந்த நேரத்து மீன் எல்லாம் நல்லதில்லை. புளி கொஞ்சம் கூடப் போட்டுக் குழம்பு வைத்து, இரவு ஒருமுறை நன்றாகக் கொதிக்க வைத்தால் காலையில் பாணுக்கும் ஆகும். கீரைக்குப் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். முருங்கை நிற்கிற வளவில் கேட்டால் யாரும் இல்லை என்று சொன்னதில்லை.

கடையில் கடனுக்கு எழுதி வாங்கும் கொப்பிக் கணக்கு மட்டும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கும்போது விலை கேட்போம், கொப்பியில் எழுதும்போது கேட்க மாட்டோம். இதைக் கஞ்சத்தனம் என்கிறவர்கள் என் அப்போதைய சம்பளத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நீங்கள் கேட்காத இன்னொன்று. சாமானில் மிச்சம் பிடித்த காசெல்லாம் எனக்குக் கரண்ட் பில்லில் போனது. நான் இருந்த வீட்டில் எல்லா அறைக்கும் ஒரே மீற்றர். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பது தெரியும்தானே? எல்லோருடைய பாவிப்பும் ஒரே பில்லில் சேர்ந்தால் எல்லோரும் உயர்ந்த விலைதான் கட்ட வேண்டும். அதற்கு மேல் "ரைஸ் குக்கர் வைத்திருக்கிறீர்கள்" என்று எனக்குத் தனியாக ஒரு தொகை. வீட்டுக்கார அன்ரியின் ஏசி பற்றி யாரும் பேசுவதில்லை. அட்வான்ஸ் கொடுக்க முன்னம் தனி மீற்றர் இருக்கிறதா, இல்லையென்றால் பில்லைக் காட்டித்தான் காசு பிரிப்பார்களா என்று கேளுங்கள். முகம் கறுத்தால் கறுக்கட்டும், அறை வேறு இடத்திலும் கிடைக்கும்.