கடுகு வெடிக்கும் ஒரு நிமிடம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஓராண்டாக வேலையில் நெருக்கடி அதிகம். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அலுவலகத்திலேயே கிடக்கும், தூக்கமும் குறைந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது, வேறு வழியில்லாமல் நானே ரசம் வைத்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாட்கள் இரவுச் சமையல் என்னுடையது. அடுப்பின் முன் நிற்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் மனம் லேசாகிவிடுகிறது. இதை மகிழ்ச்சியோடு மனைவியிடம் சொன்னபோது, "பதினோரு வருஷமா தினமும் நிக்கிறேன், எனக்கு ஏன் லேசாகலை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சமையல் உண்மையிலேயே மன அழுத்தத்தைக் குறைக்குமா, அல்லது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? சிறிய சந்தேகம் இன்னொன்று: நான் வைக்கும் ரசம் பல நாட்கள் கசந்துவிடுகிறது.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கேள்வியைவிட உங்கள் மனைவியின் கேள்வி கூர்மையானது. அதற்கு வருவதற்கு முன், உங்கள் அனுபவம் பொய்யல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கவலை பெரும்பாலும் கண்முன் இல்லாதவற்றைப் பற்றியே சுற்றும்; சமையலோ கண்முன் இருப்பதை விட்டு நகர்ந்தால் உடனே தண்டித்துவிடும். தாளிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து அடங்கும் நேரத்தில் உளுத்தம்பருப்பு. பருப்பு பொன்னிறத்துக்குத் திரும்பும்போது மிளகாய் வற்றல், பிறகு கறிவேப்பிலை, கடைசியாகப் பெருங்காயம். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் மேலாளரை நினைத்தால் பருப்பு கருகிவிடும். கண், காது, மூக்கு, கை எல்லாம் ஓரிடத்தில் கூடவேண்டியிருப்பதால், தியானத்துக்கென்று அமர்ந்து ஐந்தாவது நிமிடத்தில் எழுந்துவிடும் என் போன்றவனைக்கூடக் கடுகு பிடித்து நிறுத்திவிடுகிறது. அலுவலக வேலை எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. புளியின் பச்சை வாடை போய்விட்டதை மூக்கே சொல்லிவிடும், அதற்கு எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ரசம் வைக்கும் ஒரு ஈயச்சொம்பைப் பலி கொடுத்துத்தான். அதைச் செய்யும் வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். அடுப்புச் சுடரின் வெப்பமோ அதைப்போலப் பல மடங்கு. உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு ஏறத்தாழ 100 பாகையிலேயே நின்றுவிடுவதால்தான் சொம்பு பிழைத்திருக்கிறது. எனவே தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அதை அடுப்பில் ஏற்றவேண்டும். ஒருநாள் வெறும் சொம்பை ஏற்றிவிட்டுப் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கைபேசி அழைக்கவே, ஈரக்கையோடு கூடத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பர்னரின் மேல் ஈயம் வெள்ளி முத்துகளாக உருண்டு கிடந்தது. அடிப்பாகம் இல்லாத சொம்பை அம்மா கையில் எடுத்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான். கணக்கெடுத்த நாளில் மற்றவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் நிமிடக் கணக்கில் அகப்படாத பகுதிதான் ஆளைத் தின்பது. நீங்கள் அடுப்பைப் பற்றவைக்கும்போது துவரம்பருப்பு டப்பாவில் இருக்கிறது. அது தீரப்போகிறது என்பதை நான்கு நாட்களுக்கு முன்பே ஒருவர் கவனித்திருக்கிறார். மாவுக்கு அரிசி ஊறவைப்பதும், "நாளைக்குக் காலையில் என்ன?" என்ற கேள்வியோடு படுக்கைக்குப் போவதும் அவர்தான். உங்கள் ரசம் கசந்தால் வீட்டில் சிரிப்பார்கள். அவருடைய ரசம் கசந்தால் அது குறையாகிவிடும். களைப்பாக இருக்கும் நாளில் நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம், அவரால் முடியாது. ஒதுங்கிக்கொள்ள முடியும் என்பதுதான் உங்கள் மனத்தை லேசாக்குவதில் பாதி என்று நினைக்கிறேன்.

ஆகவே மூன்று இரவுகளுக்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு முழு நாட்களை எடுத்துக்கொண்டு பாருங்கள். என்ன சமைப்பது என்று முடிவு செய்வது முதல் சாமான்கள் வாங்குவது, காலைச் சிற்றுண்டி, மதிய டப்பா, பாத்திரம் கழுவி மேடையைத் துடைப்பது வரை எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். "சீரகம் எங்கே இருக்கிறது?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவரும் வேலையில்தான் இருக்கிறார். நான் சில ஆண்டுகளாகப் புதனும் ஞாயிறும் இப்படிச் செய்துவருகிறேன். செவ்வாய் இரவே ஒரு சிறு எரிச்சல் தொடங்கிவிடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் இப்போது கிடைக்கும் நிம்மதியில் ஒரு பகுதி குறைந்துவிடும். தாளிக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு இன்னும் குறையவில்லை. அந்த இரு நாட்களில் உங்கள் மனைவி என்ன செய்கிறார் என்று விசாரிக்க வேண்டாம்; அவருக்கு லேசாவது சமையலறைக்குள் வராமல் இருப்பதிலாக இருக்கலாம். தூக்கம் மீண்டும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள், ரசத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கசப்பைப் பற்றி: மிளகு சீரகப் பொடியைப் போட்ட பிறகும் நீங்கள் ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கொதிக்கவேண்டியது புளித்தண்ணீரும் தக்காளியும்தான். பச்சை வாடை போனதும் பருப்புத் தண்ணீரை விளாவி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகையும் சீரகத்தையும் போட்டுத் தீயைக் குறையுங்கள். ஓரங்களில் வெண்மஞ்சளாக நுரை கட்டி நடுவை நோக்கி வரும். மூடிக்கொள்ளும் தறுவாயில் இறக்கிவிடவேண்டும். இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதுவரை கைபேசி கூடத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்.